அப்பா எழுதாத இரண்டு வரி

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் வேலை செய்யும். புத்தி ஆடி அசைந்து பின்னால் வரும். அப்பா என்னை அவசரக்குடுக்கை என்பார். ஹூஸ்டன் நகரத்தின் நடுவிலிருக்கும் ஒரு பழைய ஆங்கிலிகன் கதீட்ரலுக்கு அவரை நான் அழைத்துப் போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த வார்த்தைதான் முதலில் வந்து நிற்கிறது.

அது 1996. அப்பா ஆறு மாத விசாவில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்துதான் செய்வார். காபிக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியின் மேல்பக்கத்தைச் சுண்டுவிரலால் வழித்துச் சமப்படுத்துவார். அம்மா எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டாள். நான் ஒரே பிள்ளை.

என் கல்யாணத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். நான் கட்டிக்கொண்டது சென்னையில் ஓர் இந்துப் பையனை. மண்டபத்தில் அக்கினி வளர்த்து, மேளம் கொட்டி, முறைப்படி நடந்த கல்யாணம். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, அப்பாவைத் தவிர. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்து கடைசி வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியில் இருந்தார். எல்லோரும் அட்சதையை நின்ற இடத்திலிருந்தே வீசினார்கள். அப்பா மட்டும் அதைக் கைக்குள் மூடிக்கொண்டு மேடைவரை நடந்து வந்து, அந்தக் கையை என் தலைமேல் வைத்தார். கல்யாண ஆல்பத்தில் அவர் இருக்கிற ஒரே படம் அதுதான். வாசலில் யாரோ வைத்துவிட்ட சந்தனம் அவர் நெற்றியில் அப்படியே இருக்கும்.

எங்கள் சபையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விக்கிரகம் வைத்து நடக்கும் கல்யாணத்தில் பெற்றவர்கள் பங்கெடுத்தால் அவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு பீடத்தின் முன்னால் முழங்காலிட்டு வாங்கும் அப்பமும் திராட்சரசமும் நிறுத்திவைக்கப்படும். சபைக்கு முன் எழுந்து நின்று, செய்தது தப்பு என்று சொன்னால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் எல்லோரும் இரண்டு மூன்று மாதத்தில் சொல்லிவிடுவார்கள். ஒப்புக்கு இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு முழங்காலிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பா சொல்லியிருப்பார் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. போனில் பேசினால் கோயிலுக்குப் போனேன், வந்தேன் என்பார். எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம்.

உண்மை எனக்குத் தெரிய வந்தது அவர் கேட்டிக்கு வந்த பிறகு. ஊரிலிருந்து அத்தை மகள் அவரிடம் பேசப் போன் பண்ணினாள். அப்பா வாக்கிங் போயிருந்தார். பேச்சுவாக்கில், "அங்கயாவது மாமா முழு ஆராதனைக்கும் இருக்காங்களா? இங்கன ஏழு வருசமா பிரசங்கம் முடிஞ்சதும் எந்திச்சு வெளிய போயிருதாங்கல்லா" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே விளக்கினாள். ஒவ்வொரு முதல் ஞாயிறும், திருவிருந்து தொடங்கும் நேரத்தில், அப்பா மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடுப்பாதை முழுக்க நடந்து வெளியே போவார். போய்ச் செருப்புகள் கிடக்கும் இடத்தில் நிற்பார். எல்லாம் முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது அவர்களோடு சேர்ந்து வீட்டுக்குப் போவார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி இரண்டு ஐயர்மார் வந்து பேசியும் அவர் மசியவில்லை. குருவானவரை எங்கள் ஊரில் ஐயர் என்போம்.

ஏழு வருஷம். என் மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், நான் வீடு வாங்கி, கிரீன் கார்டு வாங்கி, அத்தனைக்கும் அப்பா செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவமானமாக இருந்தது. அப்பாவிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டு ஐயரைப் பிடித்தேன்.

புதிதாக வந்தவர். நான் கத்தின கத்துக்கு வேறு ஆளாக இருந்தால் போனை வைத்திருப்பார். அவர் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, எனக்கும் அவங்கள இப்படிப் பார்க்கச் சங்கடமாத்தான் இருக்கு. வயசானவங்க. நின்னு சொல்ல வேண்டாம். ஒரு கடிதம் போதும். ரெண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க. நான் வாசிச்சு முடிச்சிருதேன்."

அப்பாவிடம் சொன்னால் எழுதமாட்டார் என்று தெரியும். ஆகவே நானே எழுதினேன். என் மகளின் திருமணத்தில் கலந்துகொண்டது தவறு என்று உணர்ந்து வருந்துகிறேன். சபையார் என்னை மன்னித்து ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான். கீழே அப்பாவின் கையெழுத்து. அது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்ட மாதங்களில் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் போட்டுப் பழகியதுதான். முதல் எழுத்து உயரமாக, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

என் கணவர் பார்த்துவிட்டார். "உங்கப்பா எழுத மாட்டேன்னு இருக்கற லெட்டர நீ எழுதலாமா? கொஞ்சம் திங்க் பண்ணு" என்றார். உங்களுக்கு எங்கள் சபையைப் பற்றி என்ன தெரியும் என்று பாய்ந்தேன். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலையில் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். ஏதோ பெரிய காரியம் சாதித்த நிம்மதியோடு அன்று இனிப்புக்குச் சுழியம் சுட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஐயரின் பதில் என் பெயருக்கு வந்தது. கடிதத்தைச் சபையில் வாசித்தாராம். பலர் கண் கலங்கினார்களாம். அப்பா இனி எங்கும் தடையின்றித் திருவிருந்தில் பங்குபெறலாம். கீழே சபையின் முத்திரை குத்தி அனுப்பியிருந்தார். நான் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் வெறுமனே நீட்டக் கூடாது, அதற்கு ஓர் இடம் வேண்டும் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஒரு தமிழ் ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போவேன். வாடகை ஹாலில் கீபோர்டு வைத்துக் கைதட்டிப் பாடுவார்கள். அப்பா கைகட்டி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காரில் ஏறியதும், "ஜெபக்கூட்டம் சரிதான். கோயில் எங்க?" என்று கேட்டார். அப்போதுதான் டவுன்டவுனில் நூறு வருஷத்துக்கு மேல் பழைய கதீட்ரல் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. இந்த நாட்டில் அதை எபிஸ்கோபல் என்பார்கள். எங்கள் ஊருக்குக் கோயில் கட்டிக் கொடுத்த வெள்ளைக்காரர்களின் அதே மரபு. அங்கே ஒவ்வொரு ஞாயிறும் திருவிருந்து உண்டு.

மே மாதம். காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. வாரநாளில் நகர முடியாத டவுன்டவுன் அன்று ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே செங்கல் கோயில், சுவரெல்லாம் கொடி ஏறிக் கறுத்துப்போய் நின்றது. வீடில்லாதவர்கள் சிலர் மதிலோரம் காகிதக் கோப்பையில் காபி வாங்கக் காத்திருந்தார்கள். அப்பா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வாசற்படியில் குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினார்.

"அப்பா, இங்க கழட்ட வேண்டாம்."

"கோயிலுக்குள்ள ஷூவோடயா?"

கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். வாசலில் நின்ற வயதான வெள்ளைக்காரர் அப்பாவின் சாக்ஸைப் பார்த்தார். "ஹோலி பிளேஸ்" என்றார் அப்பா. "யெஸ் சார்" என்று அவர் ஆராதனைத் தாளைக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே குளிர்ச்சி. கறுத்த மரத்தில் கொடியும் பூவுமாகச் செதுக்கிய தடுப்பு, அதற்கு அப்பால் பீடம். வண்ணக் கண்ணாடியிலிருந்து விழுந்த சிவப்பு அப்பாவின் வெள்ளைச் சட்டைத் தோளில் கிடந்தது. எண்ணிப் பார்த்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கியோடு ஒரு பெண் குருவானவர் வந்ததும் என் பக்கம் சாய்ந்து, "பொம்பளை ஐயரா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் வாசிக்காங்க" என்றார்.

ஆராதனை முறை அவருக்குத் தலைகீழாகப் பாடம். எங்கள் ஊரில் தமிழில் சொல்வதை இங்கே இங்கிலீஷில் சொன்னார்கள், அவ்வளவுதான். முழங்காலிடும் இடம் எது, எழும் இடம் எது என்று தாளைப் பார்க்காமலே செய்தார். ஆர்கனில் ஒரு பழைய ராகம் கிளம்பியதும் அவர் முகம் மலர்ந்தது. எல்லோரும் இங்கிலீஷில் பாட, அப்பா அடித்தொண்டையில் தமிழில் பாடினார். முன் பெஞ்சிலிருந்த அம்மாள் திரும்பிச் சிரித்தாள். நான்தான் அந்தக் கோயிலைக் கட்டியது போல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரசங்கம் முடிந்தது. காணிக்கைத் தட்டு வந்து போனது. அப்பா பாட்டுப் புத்தகத்தை மூடி அதன் இடத்தில் செருகினார்.

"நான் வெளிய நிக்கேன். நீ முடிச்சிட்டு வா."

"அப்பா, இருங்க. இன்னைக்குப் போக வேண்டாம். இத படிங்க."

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியை மாற்றிக்கொண்டு, டாக்டர் சீட்டைப் படிப்பதுபோல் தள்ளிப் பிடித்து, உதடு அசைய வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், குழந்தைக்குப் பரிசுப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"எந்தக் கடுதாசி?" என்றார்.

சொன்னேன். போன் பண்ணினதை, ஐயர் இரண்டு வரி போதும் என்றதை, நானே எழுதினதை. கிசுகிசுப்பாக, வேகமாக, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"என்ன எழுதுன?"

அந்த இரண்டு வரியையும் சொன்னேன். அப்பாவின் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கைப்பைமேல் வைத்தார். அதற்குள் வரிசைகளை ஒவ்வொன்றாக எழுப்பிவிடுகிறவர் எங்கள் பெஞ்சுக்கு வந்து கை காட்டினார். அப்பா எழுந்தார். பீடத்துக்குத்தான் போகிறார் என்று நானும் எழுந்தேன்.

அவர் மறுபக்கம் திரும்பினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரே பீடத்தை நோக்கி வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு ஒதுங்கி, வாசலைப் பார்த்து நடந்தார். சாக்ஸ் காலில் சத்தமே இல்லை. அத்தை மகள் சொல்லிக் கேட்டதை அன்று என் கண்ணால் பார்த்தேன். ஹூஸ்டனில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஏழு வருஷமாக.

கை காட்டியவர் எனக்காகக் காத்திருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் என் முழங்காலைத் தாண்டிப் போனார்கள்.

வெளியே போனபோது அப்பா முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷூ பக்கத்தில் இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஏட்டி, அந்த ரெண்டு வரியச் சொல்ல எனக்கு வாய் இல்லாமலா இருந்துச்சு?" என்றார். குரல் உயரவில்லை. "சொல்லியிருந்தா மறுமாசமே முழங்கால் போட்டிருப்பேன். ஒங் கல்யாணத்துக்குப் போனது தப்புன்னு சபைக்கு முன்ன என்னால சொல்ல முடியல. அது ஒண்ணுதான் ஒனக்குன்னு நான் செஞ்சது. நகை போட்டேனா, விருந்து வச்சேனா? அது ஒண்ணுதான். அதையும் நீயே தப்புன்னு எழுதிட்ட."

"நான் ஐயருக்கு இன்னைக்கே எழுதறேன்ப்பா. நாந்தான் எழுதினேன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம். கள்ளக் கையெழுத்துப் போட்டாள்னு ஒனக்குப் பேரு வரவா?" ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங் கையெழுத்து நல்லா வந்துச்சா?" என்றார்.

பிராக்ரஸ் ரிப்போர்ட் விஷயம் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அவர் அழவில்லை, அணைக்கவும் இல்லை. குனிந்து ஷூவைப் போட்டு, கயிற்றை இரண்டு பக்கமும் ஒரே நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்.

ஆராதனை முடிந்து பெண் குருவானவர் வாசலுக்கு வந்தார். அப்பாவைப் பார்த்ததும் நேராக வந்து கை கொடுத்து, உங்களைப் பீடத்தில் எதிர்பார்த்தேன், இங்கே யாரும் வரலாம் என்று அன்பாகச் சொன்னார். அப்பா எழுந்து நின்றார். "தேங்க் யூ மேடம். இட் இஸ் நாட் யுவர் ஃபால்ட்" என்றார். குருவானவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஆகஸ்டுவரை இருந்திருக்க வேண்டியவர் ஜூனிலேயே டிக்கெட்டை மாற்றச் சொன்னார். கோபமாக இல்லை. என் மகளுக்குத் தலை பின்னிவிட்டார், அவள் இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் தமிழில் பதில் சொன்னார், ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடையில் எனக்கு முருங்கைக்காய் முற்றலா பிஞ்சா என்று முறுக்கிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கதீட்ரலைப் பற்றி மட்டும் பிறகு ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஊருக்குப் போன முதல் மாதம் கோயில் வாசலில் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். அத்தை மகள்தான் சொன்னாள். திருவிருந்து தொடங்கியது. மூன்றாவது பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார். தடை நீங்கி எல்லோரும் வா வா என்று இருக்கும்போது போனார். ஐயர் வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "எனக்கு இன்னும் மனசு வரல ஐயா" என்று மட்டும் சொன்னாராம். கடிதத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. கிழவருக்கு அமெரிக்கா போய்வந்த பிறகு புத்தி பிசகிவிட்டது என்று சிலர் பேசினார்கள். முன்பாவது அதை வீம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷம் அப்படியே நடந்தார்.

1999இல் அப்பா தூக்கத்தில் போய்விட்டார். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே உடலை எனக்காக வைத்திருந்தார்கள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கோயில் மணி அடித்தது. ஐயர் முழு அங்கியோடு வந்து, எந்தக் குறையும் இல்லாமல் அடக்க ஆராதனை நடத்தினார். தடையில் இருக்கும்போதே இறந்தவர்களுக்கு அதெல்லாம் கிடையாது; என்னுடைய இரண்டு வரிதான் அதை வாங்கிக் கொடுத்தது.

பிரசங்கத்தில் ஐயர் அப்பாவின் தாழ்மையைப் புகழ்ந்தார். உண்மையாகவே மனமுருகித்தான் பேசினார். "பெற்ற மகளின் கல்யாணமா, தேவனா என்று வந்தபோது, தூர தேசத்திலிருந்து தன் கைப்பட எழுதினார்" என்று சொல்லி, அந்த இரண்டு வரியையும் சபைக்கு மறுபடி வாசித்தார். தாளைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நான் முதல் பெஞ்சில் இருந்தேன். பெட்டி எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

பிறகு, குடும்பத்தார் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். நான் எழுந்து மைக் வரைக்கும் போனேன். அது என் கடிதம், அப்பா எழுதவில்லை, சாகும்வரை அவர் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நான் என்ன செய்தேன் என்றால், வந்திருந்த எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஆஸ்பத்திரிக்கும் நன்றி சொன்னேன். வந்து உட்கார்ந்தேன். எதற்கும் பாய்கிற நான் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

என் மகளுக்குத் தமிழ் கேட்டால் முழுக்கப் புரியும். என் சேலையை இழுத்து இங்கிலீஷில் கேட்டாள். "தாத்தா வாஸ் சாரி? அபவுட் அஸ்?"

உஷ், பேசாதே என்றேன்.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். விமானத்திலும் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது பதினொரு வயது. போன மாதம் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், அப்பா என் தலையில் கை வைத்திருக்கும் படம் வந்ததும் பக்கத்தைச் சட்டென்று திருப்பினாள்.

அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே எழுதி வைத்திருக்கிறேன், தமிழில். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.